புனைகதையிற் படைக்கலம் ஏந்திய பிக்குகளும் தமிழகத்து விகார வாழ்க்கையும்

முன்னுரை

பழங்காலத்தைப் பற்றிப் பொதுமக்கள் கொண்டுள்ள எண்ணங்களுள் பல, தொடர்கதைகளினின்றும் திரைப்படங்களினின்றும் பெறப்பட்டவையாகும். கதை வழியே வரலாறு அறிதல் மக்கள் இயல்பு. அதனைக் குறைகூறுதல் எம் கருத்தன்று. எனினும், ஒரு சமயத்தின் வழிவழி மரபு ஒரு நாட்டில் அறுந்துபோனவிடத்துக் கதையின் ஆற்றல் பன்மடங்காகின்றது. கதையாசிரியர் கூறுவதனைத் தம் வாழ்க்கையால் மறுத்துக் காட்டுதற்கு அச்சமயத் துறவியர் அங்கு இரார். தமிழகத்துப் பௌத்தத்தின் நிலை இதுவே. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அயோத்திதாச பண்டிதர் அச்சமயத்தை மீட்க முனைந்தார். ஆயினும், காஞ்சியிலும் புகாரிலும் நாகப்பட்டினத்திலும் விளங்கிய பழைய விகாரங்களின் மரபு அதற்கு நெடுநாள் முன்னரே மறைந்துவிட்டது.

இவ்வெற்றிடத்தில் இன்று இரண்டு உருவங்கள் நிற்கின்றன. ஒன்று, கல்கியின் 'சிவகாமியின் சபதம்' படைத்த நாகநந்தி அடிகள். மற்றொன்று, 2011ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஏழாம் அறிவு' என்னும் திரைப்படம் காட்டிய போதிதருமர். முன்னவர் வஞ்சகர், பின்னவர் வீரர். மதிப்பீட்டில் எதிரெதிராக நிற்கும் இவ்விருவரும் ஒன்றில் ஒத்துள்ளனர். இருவரும் கொல்லும் தொழில் அறிந்தவர்கள். பௌத்தத் துறவி தமிழர் நினைவில் இடம்பெற வேண்டுமாயின் அவர் கையிற் படைக்கலமேனும் உடலிற் போர்ப்பயிற்சியேனும் இருத்தல் வேண்டும் என்பது போன்றதொரு நிலை தோன்றியுள்ளது. இந்நிலை எவ்வாறு எழுந்தது, இதனால் மறைக்கப்பட்டது யாது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாகநந்தியின் முன்னோர்

'சிவகாமியின் சபதம்' 1944 முதல் 1946 வரை 'கல்கி' இதழில் தொடர்கதையாக வந்தது. மயிலை சீனி. வேங்கடசாமியின் 'பௌத்தமும் தமிழும்' 1940ஆம் ஆண்டிலேயே வெளிவந்துவிட்டது. தமிழகத்துப் பௌத்த ஊர்களையும் நூல்களையும் ஆசிரியர்களையும் தொகுத்துக் கூறும் அவ்வாராய்ச்சி நூலைக் கற்றோர் சிலர். நாகநந்தியை அறிந்தோர் பலர். இக்காலத் தமிழர் ஒருவரைப் பௌத்தத் துறவி ஒருவரின் பெயர் கூறுமாறு கேட்பின், அறவண அடிகளின் பெயருக்கு முன்னர் நாகநந்தியின் பெயர் எழுதல் கூடும்.

கதையில் நாகநந்தி வாதாபிச் சளுக்க மன்னன் புலிகேசியின் இரட்டைப் பிறவி. காஞ்சியில் ஒற்றராக உலவுபவர். கத்தியும் நஞ்சும் கையாளத் தெரிந்தவர். உருவ ஒற்றுமையைப் பயன்படுத்தி அரசனாகவே நடிக்க வல்லவர். கல்கியின் படைப்பாற்றல் இப்பாத்திரத்தில் மிகுந்து விளங்குகின்றது என்பதில் ஐயமில்லை. கதையின் முடிச்சுகளுட் பெரும்பாலானவை அவரைப் பற்றியே சுழல்கின்றன. ஆயினும் ஒன்று நோக்கத்தக்கது. அசந்தாக் குகைகளின் அழியா வண்ணங்களைப் பற்றிய மறைபொருள் கதையில் வருகின்றது. பரஞ்சோதி வடக்கே அனுப்பப்படுவதற்கு அது காரணமாகக் காட்டப்படுகின்றது. பௌத்த விகாரங்கள் உலகிற்கு அளித்த உண்மைச் செல்வங்களுள் ஒன்று அவ்வோவியக்கலை. அச்செல்வம் கதையில் ஒற்றரின் ஓலையை மறைக்கும் திரையாகிவிட்டது. விகாரத்தின் உள்ளீடு சூழ்ச்சிக்குரிய கருவியாகச் சுருங்குவதனை இவ்வோர் எடுத்துக்காட்டே உணர்த்தும்.

இப்பாத்திரம் கல்கியின் உள்ளத்தில் வெறுமையினின்றும் தோன்றியதன்று. துறவி வேடத்தில் ஒற்றரை அனுப்புதல் பண்டை அரசியல் நூல்கள் அறிந்த முறை. கௌடிலியரின் பொருணூல் அதனை வகுத்துரைக்கின்றது. திருக்குறளின் ஒற்றாடல் அதிகாரமும் துறந்தார் வடிவில் ஒற்றர் செல்வதனைக் குறிப்பிடுகின்றது. பெரியபுராணத்தில் மெய்ப்பொருள் நாயனாரைக் கொன்ற முத்தநாதன் திருநீறு பூசிச் சடை முடித்துச் சிவனடியார் கோலத்தில் வருகின்றான். அவன் கத்தி நூற்கட்டினுள் மறைந்திருக்கின்றது. நாகநந்தியின் உண்மையான முன்னோன் இம்முத்தநாதனே என்று யாம் கருதுகின்றோம். இம்மரபில் துறவி படை ஏந்துவதன் பொருள் தெளிவானது: அவர் துறவி அல்லர் என்பதே அது. கத்தி, வேடத்தின் பொய்ம்மைக்குச் சான்றாக நிற்கின்றது.

முத்தநாதன் கதையைக் கேட்டவர் எவரும் சிவனடியாரை ஐயுறுவதில்லை. ஏனெனில் அக்கதைக்கு அருகிலேயே உண்மை அடியார் பலரின் வரலாறுகள் உள்ளன. கோலத்திற்கு மதிப்பளித்துத் தன்னைக் கொன்றவனையே காத்தனுப்பிய நாயனாரும் அக்கதையிலேயே உள்ளார். நாகநந்திக்கு அருகில் அவரை ஈடுசெய்யும் பௌத்தப் பெரியார் கதையில் இல்லை. ஆகவே வேடத்தின் மேல் விழவேண்டிய ஐயம் சமயத்தின் மேல் விழுந்துவிடுகின்றது.

கல்கி பௌத்தத்தை வெறுத்தவர் என்று கூறுதல் பொருந்தாது. 1950 முதல் 1954 வரை தொடர்கதையாக வந்த 'பொன்னியின் செல்வ'னில், நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துப் பிக்குகள் நோயுற்ற அருண்மொழிவர்மனைப் பேணிக் காக்கின்றனர். அந்நாவலில் சமயக் கோலத்துடன் ஒற்று வேலையும் தடியடியும் புரிபவன் வைணவனாகிய ஆழ்வார்க்கடியான். எனவே கல்கிக்கு அது கதையுத்தியே. சமயப் பகைமை அன்று. எனினும் மக்கள் நினைவில் நிலைத்தவர் நோயாளியைக் காத்த பிக்கு அல்லர், நாகநந்தியே.

எல்லைப்புறத்தார் நோக்கு

இங்கு இன்னுமொரு கூறு உண்டு. நாகநந்தி பௌத்தர் மட்டும் அல்லர், வேற்றுநாட்டினரும் ஆவர். சமயமும் நாடும் ஓருருவில் இணைந்து பகைமையாகின்றன. இவ்விணைப்பின் விளைவைத் தமிழகத்தின் நடுவில் இருந்து காண்பதனினும், கிருட்டினகிரி, ஓசூர், காவேரிப்பட்டினம் முதலிய எல்லைப்புறத்து ஊர்களில் இருந்து காணுதல் தெளிவு தரும். தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்து வழங்கும் பகுதி இது. தமிழ்த் தொடர்கதையில் நங்கையைச் சிறைகொண்ட புலிகேசி, கன்னட மக்களுக்குப் பெருவேந்தன். 1967ஆம் ஆண்டில் இராசகுமார் நடித்து வெளிவந்த 'இம்மடி புலிகேசி' அவனையே தலைவனாகக் கொண்டது. ஒரே அரசன் எல்லைக்கு இப்பால் ஒருவகையாகவும் அப்பால் வேறுவகையாகவும் தோன்றுகின்றான். அரசனுக்கு அப்பாலுள்ளோர் பரிந்து பேசுவர். அவன் உடன்பிறந்தானாகக் கற்பிக்கப்பட்ட பிக்குவிற்குப் பரிந்து பேசுவார் இருபுறத்தும் இலர்.

சீனத்தினின்றும் மீண்டு வந்த வீரர்

'ஏழாம் அறிவு' திரைப்படத்தில் போதிதருமர் பல்லவ அரசமரபினர், மருத்துவர், சீனருக்குத் தற்காப்புப் போர்முறை கற்பித்த ஆசான். தமிழன் உலகிற்கு வழங்கியது எது என்று காட்டும் ஆர்வம் அப்படத்தில் வெளிப்படையானது. அவ்வார்வத்தைப் பழித்தல் வேண்டா. அதன் அடிப்படையை ஆராய்தல் வேண்டும்.

போதிதருமரைப் பற்றிய மிகப்பழைய குறிப்பு, யாங் சுவான்சி என்பார் கி.பி. 547ஆம் ஆண்டளவில் எழுதிய லோயாங் நகர விகாரங்களின் வரலாற்றில் உள்ளது. அவர் போதிதருமரைப் பாரசீகத்தவர் என்கின்றார். லோயாங்கின் உயர்ந்த கோபுரம் ஒன்றைக் கண்டு வியந்து போற்றிய முதியவராகவே காட்டுகின்றார். தான்லின் எழுதிய முன்னுரை அவரைத் தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாம் மகன் என்கின்றது. 7ஆம் நூற்றாண்டில் தாவோசுவான் தொகுத்த துறவியர் வரலாறு அவரைத் தென்னிந்திய அந்தணர் என்கின்றது. இப்பழைய சான்றுகள் நாட்டிலும் குலத்திலும் முரண்படுகின்றன; ஒன்றில் மட்டும் ஒன்றுபடுகின்றன. எதுவும் அவரைப் போர்க்கலை ஆசானாகக் கூறவில்லை. காஞ்சியோடு அவரை இணைப்பதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் அரசன் பெயரும் 1004ஆம் ஆண்டில் தொகுக்கப்பட்ட தியான மரபு நூலில் காணப்படுவதே.

அவரோடு இணைத்துப் பேசப்படும் சாவோலின் விகாரம் கி.பி. 495ஆம் ஆண்டளவில் வேறோர் இந்தியத் துறவியாகிய பதுவோ என்பவருக்காக நிறுவப்பட்டது. அவ்விகாரத்தார் போரில் ஈடுபட்டமை உண்மை. 728ஆம் ஆண்டுக் கல்வெட்டு, 621இல் அவ்விகாரத்துத் துறவியர் பதின்மூவர் தாங் அரச மரபின் வெற்றிக்கு உதவிய செய்தியையும், அதற்காக நிலமும் நீராலையும் பெற்ற செய்தியையும் தெரிவிக்கின்றது. 16ஆம் நூற்றாண்டில் அவர்கள் கடற்கொள்ளையரை எதிர்த்தும் போரிட்டனர். ஆயினும் இப்போர்க்கலையைப் போதிதருமர் தந்தார் என்னும் கொள்கை 17ஆம் நூற்றாண்டில் எழுந்த 'யீ சின் சிங்' என்னும் உடற்பயிற்சி நூலின் புனைந்த முன்னுரையினின்றும் தொடங்குவது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'லாவோ சான் பயணம்' என்னும் சீன நாவல் அதனைப் பரப்பியது. 1930ஆம் ஆண்டிலேயே தாங் ஹாவ் என்னும் சீன அறிஞர் இதன் பொருந்தாமையை எடுத்துக்காட்டினார்.

ஆகவே நிகழ்ந்தது இதுவாகும்: சீனத்தில் ஒரு புனைவு தோன்றிற்று, அதனை ஒரு நாவல் வளர்த்தது, பின்னர் அது திரைப்படங்கள் வழியே உலகெங்கும் பரவித் தமிழகம் வந்தடைந்தது. தமிழர் அதனைத் தம் முன்னோரின் மறந்துபோன பெருமையாக வரவேற்றனர். இச்சீன மரபில் துறவி படைப்பயிற்சி உடையவராயிருத்தல் அவர் தவத்தின் ஆற்றலைக் காட்டுவது. தமிழ் மரபின் முத்தநாதன், நாகநந்தி வழியில் அது தவத்தின் பொய்ம்மையைக் காட்டுவது. எதிரான இவ்விரு மரபுகளும் இன்று ஒரே வாசகர் உள்ளத்தில் அருகருகே இருக்கின்றன.

விநயம் காட்டும் துறவி

இனி, விகார வாழ்க்கையைக் காண்போம். பிக்குவின் உடைமைகள் எட்டு என்பது மரபு: மூன்று ஆடைகள், பிச்சைப் பாத்திரம், சவரக்கத்தி, ஊசி, அரைக்கச்சை, நீர்வடிகட்டி என்பன அவை. இவற்றுட் கூர்மையுடையவை இரண்டே. ஒன்று மயிர் களைவது, மற்றொன்று கிழிந்ததைத் தைப்பது. நீரிலுள்ள சிற்றுயிரும் இறவாமைப்பொருட்டு வடிகட்டி வைத்திருக்கின்றார்.

தேரவாத மரபின் 227 விதிகளுள் மனிதக் கொலை சங்கத்தினின்றும் முற்றும் நீக்குதற்குரிய பாராசிகக் குற்றம். போருக்குப் புறப்படும் படையைத் தக்க காரணமின்றிக் காணச் செல்லுதலும் குற்றம். காரணம் பற்றிச் சென்றவிடத்தும் இரண்டு மூன்று இரவுகளுக்கு மேல் படையிடத்துத் தங்குதல் குற்றம். தங்கிய நாட்களில் போர்க்களத்தையோ படையணிவகுப்பையோ காணச் செல்லுதலும் குற்றம். சினத்தாற் பிறிதொரு பிக்குவை அடித்தலும் அடிக்கக் கையோங்குதலும் தனித்தனிக் குற்றங்கள். நோயுற்றாரை விடுத்து, கையிற் படைக்கலம் வைத்திருப்பவனுக்கு அறம் உரைத்தலும் ஆகாது. அரசன் படைவீரரைத் துறவு வாழ்விற் சேர்த்தல் கூடாது என்பதும் மகாவக்கம் கூறும் விதி; பிம்பிசாரன் வேண்டுகோளின்படி அது விதிக்கப்பட்டது என்பர்.

இவ்விதிகள் வடநாட்டில் எழுந்தவை. தமிழகத்தில் இவை அறியப்பட்டனவோ எனின், அதற்குச் சான்று உண்டு. உறையூரினராகிய புத்ததத்தர் விநயவிதிகளைச் செய்யுளாற் சுருக்கி 'விநயவினிச்சயம்' என்னும் பாலி நூலை இயற்றினார். சோழநாட்டுப் பூதமங்கலத்து விகாரத்தில், களப்பிர குலத்து அச்சுதவிக்கந்தன் ஆட்சியில் அந்நூல் எழுந்தது என்பதனை அதன் இறுதிச் செய்யுட்கள் அறிவிக்கின்றன. எனவே, படையை நோக்குதலும் தகாது என்னும் விதி காவிரிக்கரையில் ஓதப்பட்டது. ஓதுதற்கு எளிதாகச் செய்யுள் வடிவும் பெற்றது.

இரு காவேரிப்பட்டினங்கள்

புத்ததத்தர் வாழ்ந்து நூல் இயற்றிய பிறிதோர் இடம் காவேரிப்பட்டினம். அது கடற்கரையிலுள்ள புகார். தென்பெண்ணையாற்றங்கரையில் கிருட்டினகிரிக்கு அண்மையில் உள்ள காவேரிப்பட்டினம் வேறு. பெயரொற்றுமை கருதி இரண்டையும் ஒன்றாகக் கொள்ளுதல் கூடாது. தொல்பொருள் துறையினரின் 'காவேரிப்பட்டினம் அகழாய்வுகள்' என்னும் அறிக்கையும் கடற்கரை ஊரைப் பற்றியதே. ஆயினும் இவ்விரண்டு ஊர்ப்புறங்களும் தரும் சான்றுகளை அருகருகே வைத்து நோக்குதல் எம் பொருளுக்கு மிகவும் பயன்படும்.

கடற்கரைக் காவேரிப்பட்டினத்தில், பல்லவனேச்சுரம் என்னுமிடத்தில், 1960களில் நிகழ்ந்த அகழாய்வு செங்கல்லாற் கட்டிய விகாரம் ஒன்றை வெளிப்படுத்தியது. அது கி.பி. 4, 5ஆம் நூற்றாண்டினது என மதிக்கப்படுகின்றது. வரிசையாக அமைந்த சிறு அறைகளும் அவற்றிற்குப் பொதுவான தாழ்வாரமும் அங்குக் காணப்பட்டன. புத்தரின் திருவடிப் பலகையும், சிறிய செப்புத்திருமேனியும் கிடைத்தன. சிலப்பதிகாரமும் மணிமேகலையும் கூறும் இந்திர விகாரங்கள் ஏழும் கற்பனை அல்ல என்று கருதுதற்கு இஃது இடந்தருகின்றது. ஒருவர் உறங்கவும் ஓதவும் போதிய அறை, பலர் கூடி நடக்கத் தாழ்வாரம், வணங்கத் திருவடி என்னும் இவ்வமைப்பே அங்கு வாழ்ந்தோரின் நாட்கடனை விளக்கிவிடுகின்றது.

உள்நாட்டுக் காவேரிப்பட்டினம் படைகள் கடந்து சென்ற வழியில் உள்ளது. 1767இல் முதல் மைசூர்ப் போரில் அதன் கோட்டை ஆங்கிலேயர் கைக்கும் ஐதர் அலி கைக்கும் மாறியது. அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரும் அவ்வட்டாரம் போர்நிலமே என்பதற்குக் கிருட்டினகிரி, தருமபுரி, செங்கம் பகுதிகளின் நடுகற்கள் சான்று. வில்லும் வாளும் ஏந்திய வீரரின் உருவமும், ஆட்சியாண்டும், தலைவன் பெயரும், ஆகோள் பூசலும், பட்டவன் பெயரும் அவற்றிற் பொறிக்கப்பட்டுள்ளன. 1972இல் 'செங்கம் நடுகற்கள்' என்னும் தொகுதியும், 1975இல் தருமபுரிக் கல்வெட்டுத் தொகுதியும் வெளிவந்த பின்னர் இச்சான்றுகள் ஆராய்ச்சியாளர் அனைவர்க்கும் எளிதிற் கிடைப்பனவாயின. எடுத்தனூர் நடுகல் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டினது. அதில் கருந்தேவக்கத்தி என்னும் வீரனோடு, கள்வரை எதிர்த்து நின்ற கோவிவன் என்னும் நாயும் பெயர் சுட்டிப் போற்றப்பட்டுள்ளது.

போர்த்தொழில் யாரிடம் இருந்தது என்பதனை இக்கற்கள் ஐயத்திற்கிடமின்றிக் காட்டுகின்றன. ஊர்க் காவலரும் சேவகரும் குறுந்தலைவரும் அத்தொழில் உடையவர்கள். தமிழரின் பண்டைப் போர்க்கலைக்கு மூலம் தேடுவோர் காஞ்சியின் விகாரத்தையும் சீனத்தின் மலையையும் நாடவேண்டுவதில்லை; மேய்ச்சல் நிலங்களில் நாட்டிய கல்லை நோக்குதலே போதும். அங்கு வீரர் பெயரோடும் ஆண்டோடும் இருக்கின்றனர்.

மத்தவிலாசம் என்னும் சான்று

விதி இருந்தமையால் ஒழுக்கம் இருந்தது என்று முடிவு செய்தல் இயலாது. விலக்கப்பட்டமையே அச்செயல் நிகழ்ந்தமையைக் காட்டும் என்று வாதிப்பாரும் உளர். ஆகவே, பௌத்தர் அல்லாத ஒருவரின் சான்று, அதுவும் அவர்களை எள்ளி நகையாடிய ஒருவரின் சான்று, நமக்குத் தேவைப்படுகின்றது. நல்வினைப்பயனாக அத்தகைய சான்று கிடைத்துள்ளது. எடுத்தனூர் நடுகல் தன் ஆட்சியாண்டாற் குறிக்கும் அதே மகேந்திரவர்மன் வடமொழியில் எழுதிய 'மத்தவிலாசப் பிரகசனம்' அது. 'சிவகாமியின் சபத'த்தில் கதைமாந்தராக உலவும் மன்னரும் இவரே. நாகநந்தியின் காலத்தவராகக் கற்பிக்கப்பட்ட அரசர் தாமே பிக்கு ஒருவனைப் படைத்து வைத்திருக்கின்றார் என்றால், இரு படைப்புகளையும் ஒப்பிடாமல் விடுதல் தகாது.

அரசர் படைத்த பிக்குவின் பெயர் நாகசேனன். வணிகன் இல்லத்து விருந்துணவை எண்ணி மகிழ்ந்தவனாய்ப் பிச்சைப் பாத்திரத்தை ஆடைக்குள் மறைத்துக்கொண்டு இராசவிகாரத்திற்குத் திரும்புகின்றான். புத்தர் மதுவையும் மங்கையரையும் ஏன் விலக்கினார் என்று வருந்துகின்றான். மண்டையோட்டைத் தொலைத்த காபாலிகன், அவன் ஆடைக்குள் மறைந்துள்ளது தன் ஓடே என்று வழிமறிக்கின்றான். பூசல் முற்றுகின்றது. காபாலிகனின் துணைவி தேவசோமை பிக்குவின் தலைமயிரைப் பற்றி இழுக்கப் பாய்ந்து, பற்றுதற்கு மயிர் இன்மையால் விழுந்துவிடுகின்றாள். மொட்டையடித்தலை விதித்த புத்தரின் அறிவே அறிவு என்று பிக்கு வியக்கின்றான். விழுந்தவளைக் கைகொடுத்துத் தூக்குகின்றான். இறுதியில் ஓட்டைக் கவர்ந்தது ஒரு நாய் என்பது வெளிப்படுகின்றது.

இந்நாடகம் பிக்குவின்பாற் சுமத்தும் குற்றங்கள் யாவை? உணவாசை, இன்பவேட்கை, பொய்யொழுக்கம், களவு பற்றிய ஐயம் என்பன. இவை கடுமையான எள்ளல்களே. ஆனால் படைக்கலம் இல்லை, போர்ப்பயிற்சி இல்லை, ஒற்றுத்தொழிலும் இல்லை. பெண் ஒருத்தியின் பிடியினின்றும் அவனைக் காத்தது அவன் வலிமை அன்று, மழித்த தலையே. காஞ்சி மக்கள் பிக்குகளிடம் மறைந்த கத்தியை அஞ்சியிருப்பின், நகைச்சுவை நாடகம் எழுதிய அரசர் அவ்வச்சத்தைப் பயன்படுத்தாது விட்டிரார். ஆடைக்குள் ஏதோ மறைக்கின்றான் என்ற ஐயம் எழுகின்றது. ஆராய்ந்தபோது அங்கிருந்தது பிச்சைப் பாத்திரம். ஏறத்தாழ 1300 ஆண்டுகளுக்குப் பின் எழுந்த புனைகதையில் அதே ஆடைக்குள் கத்தி வந்து சேர்ந்துள்ளது. பாத்திரம் கத்தியாக மாறிய இம்மாற்றமே இக்கட்டுரையின் மையப்பொருள்.

அவ்வரசருக்குச் சிறிது பிற்பட்டு, 640ஆம் ஆண்டளவில் தென்னாடு வந்த யுவான் சுவாங்கின் குறிப்பும் இதனோடு ஒத்துள்ளது. காஞ்சியில் நூறளவான விகாரங்களும் பதினாயிரத்திற்கு மேற்பட்ட துறவியரும் இருந்தனர் என்கின்றார். புலிகேசியின் நாட்டைக் கூறுமிடத்து, மதுவருந்திக் களம் புகும் வீரரையும் மதமூட்டிய யானைகளையும் வியந்து கூறுகின்றார். அந்நாட்டின் விகாரங்களையும், மலையைக் குடைந்த பெரும்பள்ளியையும் தனியே கூறுகின்றார். போர்வீரரையும் பிக்குகளையும் ஒரே நாட்டில் கண்ட அவர் இருவரையும் கலந்துரைக்கவில்லை.

வாதமே போர்

அவ்வாறாயின் தமிழகத்துப் பிக்குகளிடம் போர்க்குணம் சிறிதும் இல்லையோ எனின், உண்டு; அது நாவினது. காஞ்சியிற் பிறந்தவராக யுவான் சுவாங் கூறும் தருமபாலர் நாளந்தாவின் தலைமை ஆசிரியராயினார். அவர் பெயர் பரவியது வாதத்தினால். மணிமேகலையின் 29ஆம் காதை அளவையியலை விரித்துரைக்கின்றது. பல சமயத்தாரின் கொள்கைகளைக் கேட்டறிந்த பின்னரே காப்பியத் தலைவி அறம் கேட்கின்றாள். பௌத்தரை வென்றதாகக் கூறும் சைவ வரலாறுகளும் இதனை உறுதிப்படுத்துகின்றன. சம்பந்தர் வரலாற்றில் வரும் புத்தநந்தி வாதிட எழுகின்றான். வாள் ஏந்தி எழவில்லை. மாணிக்கவாசகர் தில்லையில் வென்றதாகக் கூறப்படும் ஈழத்துப் பௌத்தரும் வாதிட வந்தவர்களே. பகைவரும் அவர்களைப் படைவீரராகக் காட்டவில்லை என்பது நினைவிற்குரியது.

மணிமேகலையில் வாள் இல்லாமல் இல்லை. உதயகுமரனைக் காஞ்சனன் வெட்டி வீழ்த்துகின்றான். அவ்வாள் விஞ்சையனுடையது. அதன்பின் சிறைப்பட்ட மணிமேகலை தன்னைத் துன்புறுத்திய அரசிக்குத் தீங்கு செய்யவில்லை, அறிவுறுத்தி மாற்றுகின்றாள். அவள் கையில் இருந்தது அமுதசுரபி. அதனால் சிறைக்கோட்டம் அறக்கோட்டமாயிற்று. தமிழ் இலக்கியம் பௌத்தத் துறவிக்குத் தந்த கருவி அவ்வோடேயாகும். பசித்தோர்க்கு உணவளிப்பதனைத் துறவின் தலையாய செயலாகக் கொண்ட அக்காப்பியம், விறுவிறுப்பான கதைக்குரிய பொருள் தரவில்லை என்று எவரும் கூறார்.

தடைகளும் விடைகளும்

ஈழத்து மகாவம்சத்தில் துட்டகாமணியின் படையோடு பிக்குகள் ஐந்நூற்றுவர் சென்றனரே என்பது ஒரு தடை. சென்றது உண்மையாகக் கொள்ளினும், பிக்குகளைக் காணுதல் நற்பேறும் காப்பும் ஆகும் என்னும் காரணமே அந்நூலிற் கூறப்படுகின்றது. அவ்வரசனின் வீரருள் ஒருவனாகிய தேரபுத்தாபயன் போர் முடிந்தபின் படைக்கலம் துறந்து பிக்குவாகின்றான். இனி உட்பகையோடு போர் என்கின்றான். எல்லாளனை வீழ்த்திய போருக்குச் சமயச் சார்பு ஏற்றிய அந்நூலும் பிக்குவின் கையில் வாளைத் தரத் துணியவில்லை. அப்போருக்கு அவர்கள் வாழ்த்தளித்தமை வேறு ஆராய்ச்சிக்கு உரியது. அதனை மறைத்தல் நேர்மையன்று.

விகாரங்கள் நிலமும் செல்வமும் உடையனவாய் இருந்தனவே, அவற்றைக் காக்கப் படை வேண்டாவோ என்பது மற்றொரு தடை. சாவோலினில் அவ்வாறு நேர்ந்தது உண்மை. தமிழகத்தில் வேறு முறை இருந்தது. நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்திற்கு முதலாம் இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலத்தைப் பள்ளிச்சந்தமாக அளித்தான். ஏறத்தாழ 97 வேலி நிலம். அதன் வருவாய் 8,900 கலத்திற்கு மேற்பட்ட நெல். பெண்யானையை நடத்தி எல்லை வகுத்து, இராசேந்திரன் காலத்தில் செப்பேட்டிற் பொறித்து அது நிலைநிறுத்தப்பட்டது. 1090ஆம் ஆண்டில் கடாரத்து அரசனின் தூதர் வேண்டக் குலோத்துங்கன் வரிவிலக்குகளை உறுதிசெய்தான். விகாரத்திற்குக் காவல், அரசாணையும் ஊரார் உடன்பாடும் எழுத்துமே. அக்காவல் அரசமரபுகளோடு மறைந்தது. 1867இல் எஞ்சியிருந்த செங்கற் கோபுரமும் இடிக்கப்பட்டபோது தடுத்து நிற்பார் இல்லை. நாகப்பட்டினத்து மண்ணினின்றும் வெளிப்பட்ட முந்நூற்றுக்கு மேற்பட்ட செப்புத்திருமேனிகளைப் பற்றி 1954இல் டி. என். இராமச்சந்திரன் நூல் எழுதினார். மண்ணில் எஞ்சியிருந்தவை வணக்கத்திற்குரிய பொருள்கள்.

முடிவுரை

புனைகதையாசிரியருக்குக் கற்பனை உரிமை உண்டு. நாகநந்தியைப் படைத்தமைக்காகக் கல்கியையோ, போதிதருமரைப் படம்பிடித்தமைக்காகத் திரைத்துறையினரையோ குற்றவாளிகளாக நிறுத்துதல் எம் நோக்கமன்று. ஆனால் திறனாய்வாளருக்கும் கடமை உண்டு. வஞ்சகத் துறவியை வெறுத்த தலைமுறையும், வீரத்துறவியை வணங்கும் தலைமுறையும் ஒரே பிழையில் நிற்கின்றன என்பதனை எடுத்துரைத்தல் அக்கடமையின் பாற்பட்டது. இகழ்ச்சி புகழ்ச்சியாக மாறியதனால் மறைந்துபோனவர்க்கு நீதி கிடைத்துவிடவில்லை. படைக்கலம் இல்லாமலே ஒருவர் நினைக்கத்தக்கவர் ஆவார் என்னும் எண்ணம் வரும்வரை அறவண அடிகளும் புத்ததத்தரும் தருமபாலரும் நம் நினைவின் புறத்தேயே நிற்பர்.

இத்துறையிற் புகும் மாணாக்கர்க்குச் செய்யத்தக்க பணிகள் பல உள்ளன. 'விநயவினிச்சய'த்தைத் தமிழகத்து விகார வாழ்வின் சான்றாகக் கொண்டு கற்றல் வேண்டும். மத்தவிலாசத்தையும் மணிமேகலையையும் ஒருங்குவைத்துக் காஞ்சியின் சமய வாழ்வை ஆராய்தல் வேண்டும். எல்லைப்புறத்து நடுகற்களில் உள்ள வீரர் குடிகளை வகைப்படுத்தித் தமிழரின் போர்க்கலை வரலாற்றை அதன் உரிய நிலத்தில் நிறுவுதல் வேண்டும். அவ்வாறு செய்யின், வீரர்க்கு உரிய வில்லும் வாளும் நடுகல்லிலேயே நிற்கும். பிக்குவின் ஆடைக்குள் மறைந்திருப்பது பிச்சைப் பாத்திரமே என்பதும் தெளிவாகும்.